நிப்பிள் திரும்புதா? பழைய மோட்டார் சைக்கிளின் கேபிள்களுக்கு ஒயில் விடும் முறை

கிளச் கேபிள் அறுந்துபோச்சென்று ஆர் வந்தாலும், "அறுந்த துண்டைக் காட்டு மனே" என்றுதான் முதலில் கேட்பேன். நடுவில் அறுந்த கேபிளைக் காண்பது அரிது. லீவருக்குள் மாட்டியிருக்கிற சின்ன உருளை இருக்கிறதே, நிப்பிள், அதன் கழுத்தடியில்தான் அநேகமாக அறுந்திருக்கும். லீவரை இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த நிப்பிள் தன் குழிக்குள் கொஞ்சம் திரும்ப வேண்டும். துருவும் புழுதியும் சேர்ந்து இறுகிவிட்டால் அது திரும்பாது, கம்பிதான் மடியும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடித்து முறிப்பது மாதிரி, இழை இழையாக அறுந்து வந்து, கடைசியில் நடுவயலில் வைத்து லீவர் சும்மா கையோடு வரும். ஊரில் கேபிளுக்கு ஒயில் விடுகிறவர்கள் குறைவில்லை. ஆனால் கம்பியைச் சுற்றியிருக்கிற வெளிக்கூட்டுக்குள் ஒயிலை ஊற்றிவிட்டு நிப்பிளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் மெக்கானிக் இல்லை, விவசாயப் போதனாசிரியராக இருந்து இளைப்பாறியவன். வீடு களுதாவளையில், வேலை மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில். மண்முனைக்கு 2014 இல் பாலம் வந்தது. எனக்குக் கிட்டின வழி குருமண்வெளி என்பதால், வேலை செய்த காலமெல்லாம் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) மோட்டார் சைக்கிளை ஏற்றி மண்டூரில் இறக்கித்தான் போனேன். வாகனம் ஹொண்டா சிடி 125. வீட்டில் கடற்காற்று, பாதையில் வாவித் தண்ணீர், அக்கரையில் கிரவல் புழுதி, மாரியில் களிச்சேறு. இதற்கெல்லாம் மேலாக, வாய்க்கால் கட்டில் முதல் கியரில் கிளச்சைப் பாதி பிடித்தபடி ஊருகிற ஓட்டம். கேபிளுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது.

இந்தப் பக்கத்தில் ஒயில் விடுவதற்குக் கிலோமீற்றர் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பெரும்போக விதைப்புக்கு முன், புரட்டாதியில் ஒருதரம். வெள்ளம் வடிந்த பிறகு, தை கடைசியில் அல்லது மாசியில் ஒருதரம். முதலாவது தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்க, இரண்டாவது போன தண்ணீரை வெளியே எடுக்க. ஓடாமல் கிடக்கிற சைக்கிளுக்கும் இதே கணக்குத்தான். 2022 இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் கொட்டிலில் கிழமைக்கணக்கில் நின்ற சைக்கிள்களைப் பிறகு எடுத்துப் பார்த்தபோது, தினம் ஓடியவற்றைவிட அவற்றின் கேபிள்தான் மோசமாக இறுகியிருந்தது.

முதலில் வருத்தம் எங்கே என்று பார்க்க வேண்டும். கிளச் பாரமாக இருந்தால் உடனே கேபிளைக் குற்றம் சொல்லிப் புதிசு வாங்கப் போகாதீர்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, கீழே எஞ்சின் பக்கத்தில் கேபிள் முடிகிற இடத்தில் அதைக் கழற்றுங்கள். இப்போது மேலே லீவரைப் பிடித்து, கீழ் நுனியைக் கையால் இழுத்து விட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய் வந்தால் கேபிள் நல்லது. நரநரவென்று உரசினால், நடுவில் ஒரு இடத்தில் பிடித்து விட்டால், கேபிளில்தான் கோளாறு. கேபிள் இலகுவாக ஓடியும் கிளச் பாரமென்றால் எஞ்சின் மேல் கேபிள் இழுக்கிற சின்னக் கை (ஆர்ம்) தான் இறுகியிருக்கிறது. அந்தக் கையின் தண்டு எஞ்சினுக்குள்ளே போகிற இடத்தைத் துடைத்து ஒயில் விட வேண்டும். லீவரின் போல்ட்டையும் மறக்கக் கூடாது. கேபிள் கழற்றியபடியே லீவரை ஆட்டினால் தன்பாட்டில் தொங்கி ஆட வேண்டும். நின்ற இடத்தில் நின்றால் அந்தப் போல்ட்டுக்கும் கிறீஸ் கண்டு பல காலம்.

பிறகு கண்ணால் பார்க்கிற வேலை, வெயிலில் வைத்துப் பாருங்கள். நிப்பிளின் கழுத்தில் ஒரு இழை மயிர்போல வெளியே நிற்கிறதா? விரலை ஓட்டிப் பார்க்காதீர்கள், ஊசியாய் ஏறும். பழந்துணியை ஓட்டுங்கள், நூல் சிக்கினால் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். வெளிக்கூட்டின் பிளாஸ்டிக் தோல் எங்காவது வெடித்திருக்கிறதா, சிலிண்டர் பக்கமாகப் போகிற இடத்தில் சூட்டுக்கு உருகியிருக்கிறதா, ஹான்டிலைத் திருப்பும்போது எங்காவது முறுக்கி மடிகிறதா என்று பாருங்கள். இழை அறுந்த கேபிளுக்கும் கூடு மடிந்த கேபிளுக்கும் ஒயில் மருந்தில்லை, மாற்றத்தான் வேண்டும். கிளச் கேபிளில் ஒரு இழை போயிருந்தால் களுவாஞ்சிகுடி வரை போய்ச் சாமான் வாங்கி வரலாம். பிறேக்கிலோ அக்சிலேற்றரிலோ போயிருந்தால் அதோடு ஒரு அடியும் ஓடாதீர்கள்.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை. லீவரடியில், கேபிளை இறுக்கவும் தளர்த்தவும் இருக்கும் திருகான அட்ஜஸ்டரின் பூட்டு வளையத்தைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை முழுதாக உள்ளே திருகுங்கள். கீழே இருக்கிற நட் இரண்டையும் 10 ஆம் நம்பர் சாவியால் தளர்த்தினால் கேபிள் தொய்யும். இப்போது பூட்டு வளையம், அட்ஜஸ்டர், லீவர் மூன்றிலும் உள்ள வெட்டுகள் ஒரே நேராக வரும்படி திருப்பினால், கம்பி அந்த வெட்டு வழியாகத் தானே வெளியே வரும். வராவிட்டால் குறட்டால் இழுத்துப் பெயர்க்காதீர்கள். எங்கோ ஒரு வெட்டு நேராக வரவில்லை. கழற்றும் முன், கேபிள் எந்த வளையத்துக்குள்ளால் போய், டாங்கிக்குக் கீழே எந்தப் பக்கமாகத் திரும்புகிறது என்று போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

எந்த ஒயில்

கேபிள் இரண்டு வகை. பழைய வகையில் உருக்குச் சுருளால் ஆன கூட்டுக்குள் கம்பி நேரே உரசி ஓடும். அதற்கு ஒயில்தான் உயிர். புதிதாக வருகிற பலதில் கூட்டுக்குள்ளே நைலோன் அல்லது டெப்ளோன் குழாய் ஒன்று இருக்கும். கூட்டின் வாயை டோர்ச் அடித்துப் பார்த்தால் உள்விளிம்பில் பிளாஸ்டிக் வட்டம் தெரியும். அந்த வகைக்குத் தடித்த ஒயிலோ கிறீஸோ உள்ளே போட்டால் புழுதியைப் பிசைந்து இழுவையைக் கூட்டும். தேவையென்றால் மெல்லிய ஒயில் இரண்டு சொட்டுப் போதும்.

பழைய வகைக்குப் போத்தலில் மிஞ்சியிருக்கிற சுத்தமான எஞ்சின் ஒயிலே நன்று. கழிவு ஒயில் வேண்டாம். அதற்குள் உலோகப் பொடியும் கரியும் கலந்திருக்கும். தையல் மெசின் ஒயில் மெல்லியது, அக்சிலேற்றர் கேபிளுக்கு நல்லது, ஆனால் மாரி முழுக்கத் தாக்குப்பிடிக்காது. டபிள்யூடி 40 ஸ்பிறே தண்ணீரை விரட்டும், துருவை இளக்கும். அதை மட்டும் அடித்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால் கொஞ்ச நாளில் பழையபடி காய்ந்துவிடும். நம்முடைய ஆட்கள் விடுகிற தேங்காய் எண்ணெயைப் பற்றி என்ன சொல்ல? விட்ட அன்றைக்கு லீவர் பஞ்சுபோல இருக்கும், அதை மறுக்கமாட்டேன். ஆனால் அது 24 பாகைக்குக் கீழே உறைகிற எண்ணெய். மார்கழி விடிகாலையில் போத்தலுக்குள் வெள்ளையாய் இறுகிக் கிடப்பதை எல்லா வீட்டிலும் காணலாம். கேபிளுக்குள் மட்டும் இறுகாதா? நாள்பட்டால் பிசுக்கேறிப் புழுதியையும் சேர்த்துக்கொள்ளும். தலைக்கு வையுங்கள்.

ஒயில் விடுவது

கடைகளில் இதற்கென்று ஒரு கிளிப் விற்கிறார்கள். கேபிள் வாயில் இறுக்கி, ஸ்பிறே குழாயைச் செருகி அடிக்கலாம். இருந்தால் நல்லது. நான் சொல்வது ஒரு சொப்பிங் பேக்கோடு முடிகிற வேலை.

பேக்கின் ஒரு மூலையைச் சின்னதாக வெட்டுங்கள். கேபிளின் மேல் நுனியை, நிப்பிளோடு, அந்த ஓட்டைக்குள் நுழையுங்கள். நிப்பிளும் வெளியே தெரிகிற கம்பியும் கூட்டின் வாயும் பேக்குக்குள் இருக்க வேண்டும். கூட்டின் மேல், வாய்க்கு ஒரு அங்குலம் கீழே, சைக்கிள் ரியூபில் வெட்டிய பட்டியால் இறுக்கிச் சுற்றிக் கட்டுங்கள். ஒழுகினால் ஒயில் வெளியே வழியுமே தவிர உள்ளே போகாது, எனவே இந்தக் கட்டுத்தான் முக்கியம். பேக்கின் மேல்வாயை முருங்கைக் கொப்பிலோ கொட்டில் வளையிலோ கட்டித் தொங்கவிடுங்கள். கேபிள் வளைவில்லாமல் நேராகத் தொங்க வேண்டும், கீழ் நுனிக்குக் கீழே ஒரு பழைய டின். வண்டியிலேயே வைத்து ஊற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். கூடு எங்காவது மேல்நோக்கி ஏறுகிற வளைவு இருந்தால் ஒயில் அங்கேயே நின்றுவிடும்.

நீண்ட காலம் கவனிக்காத கேபிளென்றால் முதலில் மண்ணெண்ணெய். இரண்டு தேக்கரண்டி ஊற்றி, கீழ் நுனியைப் பிடித்துக் கம்பியை மேலும் கீழும் ஓட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் டின்னுக்குள் செங்கபிலத் தண்ணீர் சொட்டும். வாவித் தண்ணீர் குடித்த கேபிளில் இது கறுப்பாகவும் வரும், அந்தத் துருவின் வாசம் கையை விட்டுப் போக நேரமெடுக்கும். தெளிந்து வரும்வரை திரும்ப ஊற்றுங்கள். பிறகு மண்ணெண்ணெய் முழுதும் வடிய விடுங்கள். அவசரப்பட்டு மேலே ஒயிலை ஊற்றினால் இரண்டும் கலந்து மெலிந்துவிடும். வடிந்த பின் ஒயிலை ஊற்றி, கம்பியை ஓட்டி, அப்படியே இரவுக்கு விட்டுவிடுங்கள். காலையில் கீழ் நுனியில் சுத்தமான ஒயில் ஒரு சொட்டுத் தொங்கிக்கொண்டு நின்றால் முழு நீளத்துக்கும் போயிருக்கிறது. மேலே ஒயில் குறையவில்லை, கீழே ஒன்றும் வரவில்லையென்றால் உள்ளே துரு அடைத்திருக்கிறது. இன்னொருதரம் மண்ணெண்ணெய் விட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் அந்தக் கேபிளுக்கு ஆயுள் முடிந்தது.

இனி நிப்பிள். இதற்கு ஒயில் போதாது, கிறீஸ் வேண்டும். லீவரில் நிப்பிள் உட்காருகிற குழியைத் துணி சுற்றிய குச்சியால் துடைத்து எடுங்கள். உள்ளே கடித்த அடையாளமோ கூரான விளிம்போ இருந்தால் எமரி தாளைச் சுருட்டி உள்ளே விட்டு மெல்லத் தேய்த்துவிடுங்கள். நிப்பிளை வெறுமையாகக் குழிக்குள் வைத்து விரலால் திருப்பிப் பாருங்கள். அங்கே திரும்பாதது கிறீஸ் போட்டாலும் திரும்பாது. திரும்பினால் சுற்றிவரக் கிறீஸ் தடவி மாட்டுங்கள். எஞ்சின் பக்க நுனிக்கும் அப்படியே. லீவர் போல்ட்டைக் கழற்றி, துரு துடைத்து, கிறீஸ் தடவிப் பூட்டுங்கள். அதை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் லீவர் பிடிக்கும். லீவரடியில் றப்பர் தொப்பி இருந்தால் அதையும் திருப்பிப் போடுங்கள். அழகுக்கென்று கழற்றி எறிந்தவர்கள்தான் மாரியில் வந்து நிற்பார்கள்.

மாட்டும்போது எடுத்த படத்தைப் பாருங்கள். கேபிள் கூர்மையாக வளையக் கூடாது, எஞ்சின் சூட்டில் படக் கூடாது, வயரோடு சேர்த்து இறுக்கிக் கட்டப்பட்டிருக்கக் கூடாது. இன்னொன்று, ஹான்டிலில் மரக்கறிப் பை தொங்கவிடுகிற பழக்கம். பாரம் முழுக்கக் கேபிள் கூட்டின் மேல் விழுந்து அந்த இடத்தில் மடிப்பு விழும். எங்கள் ஊரில் வெற்றிலைக் கட்டும் அங்கேதான் தொங்கும். சொன்னால் கேட்கவா போகிறார்கள்?

விளையாட்டு (சும்மா ஆட்டம்) வைப்பது

பழைய ஹொண்டாக்களுக்குப் பொதுவான அளவு இதுதான்: கிளச் லீவரின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வரை சும்மா ஆட்டம் இருக்க வேண்டும், முன் பிறேக் லீவரின் நுனியில் 20 முதல் 30 மி.மீ., அக்சிலேற்றர் பிடியில் 2 முதல் 6 மி.மீ. உங்கள் வாகனத்தின் கையேடு வேறு சொன்னால் அதையே எடுங்கள். மேல் அட்ஜஸ்டரை அரைவாசியில் வைத்துவிட்டுக் கீழ் நட்டால் பெரிய கணக்கைச் சரிசெய்யுங்கள். அப்போதுதான் வழியில் கையாலே கூட்டவும் குறைக்கவும் மேலே இடம் மிஞ்சும். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் கிளச் எப்போதும் கொஞ்சம் பிடித்தபடியே இருந்து வழுக்கி, தட்டு எரியும். எஞ்சின் கத்தும், வண்டி ஏறாது. ஆட்டம் கூடினால் நிற்கும்போது நியூற்றல் விழாமல் மல்லுக்கட்டும்.

"சேர், நட்டு முழுக்க இறுக்கியாச்சு, பிறகும் கிளச் எடுக்குதில்ல" என்று ஒரு விவசாயி வெல்லாவெளியில் வைத்துக் காட்டினார். அட்ஜஸ்டர் இரண்டும் கடைசி மரை வரை வெளியே வந்திருந்தன. கூடு நசுங்கி, கம்பி அறுந்து நீள ஆரம்பித்த கேபிளின் அடையாளம் அது. இடமில்லாமல் போனால் மேலும் திருகாமல் புதிசு வாங்க வேண்டும்.

முன் பிறேக்கில் கேபிள் கீழே தண்ணீரும் சேறும் அடிக்கிற இடத்தில் முடிகிறது. அந்தக் கீழ் நுனியின் றப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் கூட்டுக்குள் ஏறி நிற்கும். ஒயில் விட்ட பிறகு கீழே வழிந்ததை நன்றாகத் துடையுங்கள், பிறேக் டிரம் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது. மாட்டி முடித்ததும் முன் சில்லைத் தூக்கிச் சுழற்றிப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும். பின் பிறேக்குக்குக் கேபிள் இல்லை, தண்டுதான்.

அக்சிலேற்றர் கேபிளுக்கு மெல்லிய ஒயில் மட்டும். தடித்ததை ஊற்றினால் பிடியை விட்டதும் திரும்பி வருவது மந்தமாகும். மேல் நுனியைக் கழற்றினாலே ஒயில் விடப் போதும். கீழ் நுனியையும் எடுக்கிறீர்கள் என்றால் காபரேற்றர் மூடியோடு சேர்ந்து உள்ளேயிருக்கும் சிலைட்டும் (காற்று வழியைத் திறந்து மூடுகிற உருளை) ஊசியும் வரும். சிலைட்டின் வெட்டுப் பக்கம் எயார் பில்டரைப் பார்த்து இருக்க வேண்டும், பக்கத்துக் காடி உள்ளே இருக்கும் முனையில் உட்கார வேண்டும். சரியாக உட்காராமல் மூடியைத் திருகினால் எஞ்சின் பிடித்ததும் கத்திக்கொண்டு எழும்பும். பூட்டியபின் எஞ்சினை இயக்கி, ஹான்டிலை இடம் வலம் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது சத்தம் ஏறினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பிடியை விட்டதும் டக்கென்று மூட வேண்டும். ஓடும்போது எப்போதாவது அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் கிளச்சைப் பிடித்து எஞ்சினை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஸ்பீடோ மீற்றர் கேபிள் சுழல்வது, இழுபடுவதில்லை. ஊசி துடித்தால் கேபிள் காய்ந்திருக்கும் அல்லது மடிந்திருக்கும். கம்பியை உருவித் துடைத்து, மெல்லக் கிறீஸ் தடவி உள்ளே விடுங்கள். மேல் நுனியில் ஒரு சாண் அளவுக்குக் கிறீஸ் வேண்டாம். சுழலும்போது அது மேலே ஏறி மீற்றருக்குள் போய்விடும்.

வழியில் அறுந்தால்

கிளச் கேபிள் அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வரத் தேவையில்லை. நியூற்றலில் இயக்கி, ஓடித் தள்ளி, வேகம் வந்ததும் ஏறி முதல் கியரைப் போடலாம். மேலே கியர் மாற்ற, அக்சிலேற்றரை ஒரு கணம் மூடிப் போடுங்கள். நிற்கப் போகும் முன்னமே நியூற்றலுக்கு வந்துவிடுங்கள். வயல் வீதிக்கு இது சரி, மட்டக்களப்பு நகரச் சந்திகளில் முயற்சிக்க வேண்டாம்.

ஸ்குறூவால் இறுக்குகிற நிப்பிள் ஒன்றை ஆசனத்துக்குக் கீழே போட்டு வையுங்கள். கழுத்தில் அறுந்த கம்பியை அதில் மாட்டி இறுக்கி, கீழ் நட்டைத் தளர்த்தினால் வீடு வந்து சேரலாம். கிளச்சுக்கு மட்டும்தான், பிறேக்குக்கு இல்லை. சிலர் மிதி சைக்கிளின் பிறேக் கம்பியைப் போடுவார்கள். அது ஒன்றரை மி.மீ. சொச்சம்தான் தடிப்பு, கிளச் கம்பி அதைவிடத் தடித்தது. வீடு வரை சரி, அடுத்த நாள் வேலைக்குப் போக அல்ல.

புதிசு வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். மொடலின் பெயரைச் சொன்னால் கடைக்காரர் ஏதோ ஒன்றை எடுத்து நீட்டுவார். இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்து, கூட்டின் நீளம், கூட்டுக்கு வெளியே நிற்கிற கம்பியின் நீளம், நிப்பிளின் பருமன் மூன்றையும் ஒப்பிடுங்கள். ஹான்டில் மாற்றிய வாகனமென்றால் கட்டாயம். பழைய வகைக் கேபிளென்றால் மாட்டும் முன்பே ஒயில் விடுங்கள், பெட்டியிலிருந்து வருகிற பலது உள்ளே வறண்டிருக்கும்.

தூரம் போகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். மாற்றுக் கிளச் கேபிளை, ஓடுகிற கேபிளின் அருகிலேயே, அதே வழியால் போட்டு வையுங்கள். அறுந்தால் இரண்டு நுனியையும் மாற்றிக் கொளுவினால் போதும், டாங்கியைக் கழற்றத் தேவையில்லை. ஆனால் சும்மா கிடக்கிற அதன் இரண்டு நுனிக்கும் கிறீஸ் தடவி, பொலித்தீன் சுற்றி, ரியூப் பட்டியால் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் தேவைப்படுகிற அன்றைக்கு அதுவும் துருப்பிடித்துத்தான் கிடக்கும்.